முப்பத்தெட்டு ‘மிக நன்று’

ஜூன் 19, புதன்

மூன்று நாள் பயிற்சி இன்றோடு முடிந்தது. போடிக்கும் தேனிக்கும் பஸ்ஸில் அலைந்து இடுப்பு கழன்றதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இனி விளையாட்டுக்கு விடக்கூடாதாம். ‘பொறுப்புடன் முடிவெடுத்தல்’ என்று ஒரு பாடம் நடத்த வேண்டுமாம். ஏழாம் வகுப்பு என் தலையில் விழுந்தது. நில், யோசி, கேள், முடிவெடு என்று நான்கு படி, அதற்கு ஒரு சார்ட். பிள்ளைகள் ஆளுக்கொரு ‘முடிவு நோட்டு’ போட்டு, அந்த வாரம் எடுத்த முடிவு ஒன்றை அதில் எழுத வேண்டும். ஆசிரியர் அதைப் படித்துக் குறிப்பு எழுத வேண்டும்.

இதோடு விட்டார்களா? ஆசிரியரும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்களாம், மனசாட்சிக்காக எழுதுவதாம். இருபத்தாறு வருஷ சர்வீஸில் மனசாட்சிக்காக ஒரு பதிவேடு எழுதியதில்லை நான். சரி, யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் தோன்றியதை எழுதிவிட்டுப் போகிறேன். இன்று நான் எடுத்த முடிவு: நாளைக்கு இட்லி மாவு கடையில் வாங்குவது.

ஜூன் 21, வெள்ளி

முதல் வகுப்பு. நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. முப்பத்தெட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டதே அதிசயம். பரீட்சையில் பக்கத்தில் இருப்பவன் பேப்பரைக் காட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அழகுராஜா எழுந்து, முதலில் அவன் எத்தனையாவது ரேங்க் என்று நின்று யோசிப்பேன் என்றான். திட்ட வாயெடுத்துச் சிரித்துவிட்டேன்.

மூன்றாவது படி, நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் கேட்பது. அதைச் சொல்லும்போது நாகஜோதி கையைத் தூக்கினாள். இரண்டாம் பெஞ்சு, இரட்டைச் சடை, அச்சடித்தது போன்ற கையெழுத்து. கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.

“ஏன், நான் ஒருத்தி இல்லையா? நோட்டுல எழுது. படிச்சிட்டுச் சொல்றேன்” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைவிட நல்ல பதிலாகச் சொன்னேன் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

முதல் வாரத்து நோட்டுகளை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். ஒருத்தி தங்கச்சியின் ரிப்பனைத் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்திருக்கிறாள். அழகுராஜா இனிமேல் முடிவே எடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறான். எமகாதகன்.

நாகஜோதி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அப்பா தவறிப்போய் நான்கு வருஷம் ஆகிறது. தம்பி மிதுனுக்கு ஆறு வயது. இன்னும் கழுத்து நிற்காது, படுக்கைதான், வலிப்பு வேறு. அம்மா பவுன்தாய் விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் இறங்குகிறாள். பகலில் பக்கத்து வீட்டு அத்தை பையனைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த அத்தைக்குச் சிரமம் வேண்டாம் என்று, பள்ளிக்கூடம் விட்டதும் கோகோ ஆடாமல் வீட்டுக்கு ஓட முடிவெடுத்ததாக எழுதியிருந்தாள். ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனசார எழுதினேன்.

ஜூலை 4, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. நோட்டுகள் அடுத்த வாரம்.

ஜூலை 11, வியாழன்

நாளைக்கு அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியர் பிச்சைமணி சார் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொல்கிறார். சாப்பாடு இறங்குமா? முப்பத்தெட்டு நோட்டு, ஆளுக்கு இரண்டு வாரம் பாக்கி. இடது கையால் பக்கத்தைத் திருப்பினேன், வலது கையால் டிக் அடித்தேன், ‘மிக நன்று’, கீழே என் சுருக்கக் கையெழுத்து வி.த. நாற்பது நிமிஷத்தில் கட்டை இறக்கி வைத்தேன். எட்டாம் வகுப்பு டீச்சர் அப்போது பன்னிரண்டாவது நோட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகப் படிக்கிறாளாம். பிழைக்கத் தெரியாத ஜென்மம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கீரை வாங்கி வந்திருந்தார், முற்றல். ஆய்வதற்குள் விரல் வலி.

ஜூலை 12, வெள்ளி

அதிகாரி வந்தார், பார்த்தார், போனார். கட்டின் மேலேயே நாகஜோதியின் நோட்டை வைத்திருந்தேன், கையெழுத்து அழகு என்பதால். விரித்தார், சிவப்பு மையைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார். “வெரிகுட்டும்மா” என்றார். பிச்சைமணி சார் முகம் மலர்ந்துபோயிற்று.

கடைசிப் பீரியடில் நோட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, பார்த்ததும் திரும்ப வாங்கிப் பீரோவில் வைத்தேன். நாகஜோதி தன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, “தேங்க்ஸ் டீச்சர், இப்பத்தேன் நிம்மதியா இருக்கு” என்றாள். எதற்கு என்று கேட்க வாயெடுப்பதற்குள் பெல் அடித்துவிட்டது. மரியாதை தெரிந்த பிள்ளை.

ஜூலை 16, செவ்வாய்

நாளைக்கு ஆடி பிறக்கிறது, லீவும்கூட. வீடு கழுவ வேண்டும். நாகஜோதி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஜூலை 22, திங்கள்

ஐந்து நாளாக ஆப்சென்ட். இரண்டாம் பெஞ்சுப் பிள்ளைகளிடம் விசாரித்தேன். பக்கத்து வீட்டு அத்தை வீடு மாறிப் போய்விட்டதாம். நாகஜோதி தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாளாம். இனிமேல் வர மாட்டாள் என்று அவளே சொன்னாளாம்.

மத்தியானம் பீரோவைத் திறந்து அவள் நோட்டை எடுத்துப் படித்தேன். திரும்ப வைத்துவிட்டேன். தலைவலி. கடைசி இரண்டு பீரியடும் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உப்புமா கிளறினேன். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். பல்வலி என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

பிச்சைமணி சார் கூப்பிட்டு நாகஜோதி விஷயமாகக் கேட்டார். இப்படியே விட்டால் இடைநிற்றல் கணக்கில் போய்விடும், நல்லாப் படிக்கிற பிள்ளை என்று வருத்தப்பட்டார். உங்களிடம் ஏதாவது சொன்னாளா என்றார். ஒன்றும் சொல்லவில்லை சார் என்றேன். சொல்லவில்லைதானே? வாயால் சொல்லவில்லை. சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார்.

ஜூலை 27, சனி

போகவில்லை. துணி ஊற வைத்திருந்தேன். பிறகு மழை வருவது போல இருந்தது. வரவில்லை.

ஜூலை 29, திங்கள்

போனீர்களா என்று பிச்சைமணி சார் கேட்டார். வீடு பூட்டியிருந்தது என்று சொல்லிவிட்டேன். கழுத்து நிற்காத பிள்ளையை வைத்துக்கொண்டு யார் வீட்டைப் பூட்டுவார்கள்? அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

அந்த நோட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பீரோவின் பூட்டு சரியில்லை, அதனால்தான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று அந்தப் பாடத்தை நடத்தாமல் கணக்குப் போடச் சொல்லியிருக்கலாம். எந்த நேரத்தில் சார்ட்டைத் தொங்கவிட்டேனோ! அழகுராஜா எழுந்தான். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டான்.

“டீச்சர், நாகஜோதி எடுத்தது பொறுப்பான முடிவா, பொறுப்பில்லாத முடிவா?”

வெளியே போய் நில்லுடா என்றேன். வகுப்பே என்னைப் பார்த்தது. அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வராந்தாவில் நின்றுகொண்டு, தான் என்ன தப்பாகக் கேட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். பாவம்.

சரி, எழுதிவிடுகிறேன். பத்து நாளாக எழுதாமல் ஒளித்தது போதும். நோட்டில் அவள் எழுதியிருப்பது இதுதான்:

‘பக்கத்து வீட்டு அத்தை வீடு மாறிப் போகிறார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் நின்று யோசித்தேன். அம்மா வேலையை விட்டால் எங்களுக்குச் சாப்பாடு இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டால் எனக்குப் படிப்பு மட்டும்தான் இல்லை. அதனால் திங்கட்கிழமை முதல் நான் நின்றுவிடலாம் என்று நினைக்கிறேன். அம்மா வேண்டாம் என்று அழுகிறது. நீங்கள் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றீர்கள். இது சரியா தவறா என்று எழுதுங்கள் டீச்சர். தவறு என்று எழுதினால் நான் வந்துவிடுவேன்.’

அதற்கடியில் பெரிதாக ஒரு டிக். மிக நன்று. வி.த.

என் கையால் போட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டிருக்கிறாள், நான் பதில் சொல்லியிருக்கிறேன். யாராவது வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்துதான் அவள் வீட்டுக்குப் போகாமல் இருந்தேன். பல்வலியும் இல்லை, மழையும் இல்லை. ஊருக்கு உபதேசம் செய்ய மட்டும் நான்கு படி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஜீப் போகாது, பவுன்தாய் இருப்பாள் என்று போனேன். மேட்டுத்தெருக் கடைசியில் ஒற்றை அறை வீடு. நாகஜோதி தம்பியை மடியில் போட்டு, தலையைக் கையில் தாங்கி, பருப்புச் சோற்றைக் கரைத்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். பையன் இருமினான், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரட்டைச் சடை இல்லை, கொண்டை போட்டிருந்தாள். மூன்று வாரத்தில் குடும்பம் நடத்துகிற பொம்பளை போல் ஆகியிருந்தாள். என்னால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

பவுன்தாய் திட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். மகள் படிப்பை விடக்கூடாது என்று தான் ஒற்றைக் காலில் நின்றதாகச் சொன்னாள். உசிலம்பட்டியில் இருக்கும் அக்கா, தனிக்கட்டை, இங்கேயே வந்து தங்கிப் பையனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று துணிமணிகூடக் கட்டி வைத்திருந்தாளாம். அதற்குள் நாகஜோதி, டீச்சரிடம் கேட்டுவிட்டேன், சரியென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று வந்து நின்றிருக்கிறாள்.

“படிச்சவக நீங்களே சரின்னு எழுதிட்டீக. அதுக்கு மேல கைநாட்டு நான் என்னத்தப் பேச? அக்காவ வர வேணாம்னு சொல்லிட்டேன். அது சும்மா உக்காந்து என்ன செய்யும்னு போன வியாழக்கெழமதேன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போச்சு.”

போன வியாழக்கிழமை. நான் துணி ஊற வைத்த சனிக்கிழமையில் அந்த அக்கா உசிலம்பட்டியில்தான் இருந்திருக்கிறாள். ஒரு போன் போதுமாயிருந்தது. இப்போது கேட்டதற்கு, கம்பெனியில் ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்து ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள், வர முடியாது என்றாள் பவுன்தாய்.

இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. நாகஜோதிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“நான் அதப் படிக்கல தாயி” என்றேன்.

ஸ்பூன் நின்றது. “எத டீச்சர்?”

“நீ கேட்டு எழுதுனத. படிக்காமலே டிக் போட்டுட்டேன்.”

“மிக நன்றுன்னு எழுதியிருந்தீங்களே.”

“எல்லாருக்கும் அதத்தான் எழுதுனேன். முப்பத்தெட்டுப் பேருக்கும்.”

அவள் அழவில்லை. தம்பியின் வாயைத் துடைத்தாள், துண்டை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“கோகோ நெனப்பு வரும்போதெல்லாம், டீச்சரே சரின்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சுக்கிருவேன். அத வச்சுத்தேன் அழுகாம இருந்தேன் டீச்சர்.”

அதற்கப்புறம்தான் அழுதாள். பையனும் சேர்ந்து அழுதான், அவள் அழுவதைப் பார்த்து. பவுன்தாய் நான் குடிக்காமல் வைத்திருந்த காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, நோட்டையும் சேர்த்துப் பிச்சைமணி சாரிடம் கொடுத்தேன். வீடு பூட்டியிருந்ததாகச் சொன்ன பொய்யையும் எழுதினேன். இதை எழுத்தில் கொடுக்க வேண்டுமா டீச்சர், வாயால் சொன்னால் போதாதா என்றார். எழுத்தில்தான் சார் தப்பு நடந்தது என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மேலே அனுப்பினால் உங்களுக்கு மெமோ வரும் என்றார். வரட்டும்.

பையனுக்கு ஆறு வயது ஆகிறது, ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதி, என் வகுப்பிலேயே ஓரமாகப் பாய் போட்டுப் படுக்க வைக்கிறேன், நாகஜோதியும் பக்கத்தில் இருப்பாள் என்று கேட்டேன். வலிப்பு வந்தால் யார் பொறுப்பு என்றார். நான் என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன், முட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நாகஜோதி மாட்டேன் என்றுவிட்டாள்.

“வலிப்பு வந்தா தம்பி ஒண்ணுக்குப் போயிருவான் டீச்சர். எல்லாரும் பாப்பாக. அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்கிறீங்க. அவனுக்கு எல்லாந் தெரியும்.”

யோசித்துப் பார்க்கச் சொன்னேன். யோசித்துவிட்டேன் என்றாள். பவுன்தாயைப் பார்த்தேன். அது சொல்வதுதான், இனிமேல் நான் எதிலும் தலையிடுவதாக இல்லை என்றாள். அவள் சொன்னது எனக்குத்தான்.

ஆகஸ்ட் 7, புதன்

நாலரைக்கு நானே அவள் வீட்டுக்குப் போனேன். ஜீப் இறங்கும்வரை ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. பின்னங்கள் நடத்தட்டுமா என்றேன். வாசலில் நின்றே யோசித்தாள், பிறகு வழிவிட்டாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். ரசம் புளித்துவிட்டது. வீட்டுக்காரரிடம் இன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த ரசத்தையே ஊற்றிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வகுப்பில் முப்பத்தேழு பேரிடமும் சொன்னேன். உங்கள் நோட்டையும் நான் படிக்கவில்லை என்றேன். பெல் அடித்ததும் அழகுராஜா மட்டும் வந்து, தன்னுடையதைப் படிக்காததில் நஷ்டம் ஒன்றும் இல்லை டீச்சர் என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறானாம். அவனை வராந்தாவில் நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டு ஓடிவிட்டான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பதினைந்து நாளுக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அறிவியலில் இரண்டு பாடம் முடித்துவிட்டோம். கெட்டிக்காரி, ஒருமுறை சொன்னால் போதும். மிதுன் என் குரல் கேட்டால் ஒரு மாதிரி சத்தம் கொடுக்கிறான். நான் சொல்வதை எல்லாம் செய்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவளாக என்னிடம் ஒன்றும் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு எப்போது வருவாய் என்று கேட்கும்போதெல்லாம், தம்பிக்கு மருந்து கொடுக்க நேரமாயிற்று என்று எழுந்துபோகிறாள். காலாண்டுப் பரீட்சைக்காவது கூட்டிப்போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நடக்காது என்று தோன்றுகிறது.

இன்று அவளாகவே ஒரு புது நோட்டை எடுத்து நீட்டினாள். வெள்ளிக்கிழமை அல்லவா, முடிவு நோட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்தே ஐந்து வரிதான், அதே அச்சு எழுத்து. படித்தேன். மறுபடி படித்தேன். நிமிர்ந்தபோது அவள் கையை நீட்டி நோட்டைத் திருப்பி வாங்கி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“மூணாவது வரில என்ன டீச்சர் எழுதியிருக்கேன்?”

ஒரு நிமிஷம் கோபம்தான் வந்தது. இருபத்தாறு வருஷமாக நான் பிள்ளைகளைக் கேட்ட கேள்வி. பிறகு கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் காத்திருந்தாள்.

சொன்னேன், ஒரு சொல் பிசகாமல்: ‘இனிமேல் எதையும் யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.’

சரி என்று தலையை ஆட்டினாள். நோட்டைக் கொடு, கீழே ஏதாவது எழுதித் தருகிறேன் என்று பேனாவைத் திறந்தேன்.

“எழுத வேணாம் டீச்சர்” என்றாள். “படிச்சாப் போதும்.”